ஏட்டின் ஓரக்குறிப்பும் கடவுச்சீட்டின் பெயரும்

திருமணத் திருப்பலி முடிந்ததும் மணமக்கள் பதிவேட்டில் கையொப்பமிடுகின்றனர். மணமகன் அன்று இடும் கையொப்பம் அவன் கண்மூடும் நாள்வரை பெரும்பாலும் மாறுவதில்லை. மணமகளின் கையொப்பமோ உலகின் பல நாடுகளில் அன்றோடு மாறிவிடுகிறது. பிறந்த வீட்டின் பெயர் நீங்க, புகுந்த வீட்டின் பெயர் அவ்விடத்தில் அமர்கிறது. இல்லற ஒன்றிப்பின் அடையாளமாகப் பெண்கள் பலர் மகிழ்வோடு ஏற்கும் மாற்றம் இது. இதனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால், அவ்வாறு பெயர் மாறிய பெண் எல்லை கடந்து பயணம் செய்ய முற்படும்போது, ஆணிடம் எவரும் கேட்காத ஒரு கேள்வி அவளிடம் கேட்கப்படுகிறது. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயருக்குரியவளும், பயணச்சீட்டில் உள்ள பெயருக்குரியவளும் ஒருத்தியே என்பதற்குச் சான்று என்ன?

எளிய அலுவலக வினாவாகத் தோன்றும் இதற்குப் பின்னால் நெடிய வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாறு மிகத் தெளிவாகப் புலப்படும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. எனவே அங்கிருந்து தொடங்குவோம்.

பெயரில்லாத துணைவி

ஆங்கிலேயரின் பொதுச்சட்ட மரபில், மணமான பெண்ணுக்குத் தனித்த சட்ட உருவம் இருக்கவில்லை. சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன் 1765-இல் வெளியிடத் தொடங்கிய தம் பெருநூலில், மணத்தால் கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே ஆளாகின்றனர் என்றும், மனைவியின் சட்டநிலை கணவனுடையதில் அடங்கிவிடுகிறது என்றும் விளக்கினார். அவள் சொத்தும், அவள் செய்யும் ஒப்பந்தமும், அவள் தொடுக்கும் வழக்கும் பெரும்பாலும் கணவன் வழியாகவே நடைபெற்றன. இம்மரபு கடல் கடந்து அமெரிக்கக் குடியேற்றங்களிலும் வேரூன்றியது.

இதன் நிழல் கடவுச்சீட்டின்மேலும் விழுந்தது. அமெரிக்காவில் கடவுச்சீட்டு வழங்கும் அதிகாரம் 1856-இல் வெளியுறவுத் துறைக்கு மட்டுமே உரியதாக்கப்பட்டது. அக்காலத்தில் அமைதி நாள்களில் பயணத்திற்குக் கடவுச்சீட்டு பொதுவாகக் கட்டாயமில்லை. குடும்பமாகச் செல்வோர்க்கு ஒரே சீட்டு வழங்கப்பட்டது. அதில் கணவனின் பெயர் முழுமையாக இருக்கும். அதனை அடுத்து 'மனைவியுடன்' என்ற குறிப்பு மட்டுமே வரும். அந்த மனைவிக்குப் பெயர் உண்டா, என்ன பெயர் என்பதை ஏடு கேட்கவில்லை. அந்தச் சீட்டைக் கொண்டு கணவன் தனியே பயணம் செய்யலாம். மனைவி தனியே செல்ல இயலாது.

1914-இல் மூண்ட முதல் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. எல்லைகள் இறுகின. அவ்வாண்டு இறுதியில் அமெரிக்கக் கடவுச்சீட்டில் ஒளிப்படம் கட்டாயமாயிற்று. 1920-இல் நாடுகளின் சங்கம் பாரீசில் கூட்டிய மாநாடு, எல்லா நாடுகளுக்கும் பொதுவான சிறுநூல் வடிவக் கடவுச்சீட்டைப் பரிந்துரைத்தது. கனவான்களுக்கான அறிமுக மடலாக இருந்த தாள், ஒவ்வொருவரும் தம்மை மெய்ப்பிக்க வேண்டிய ஆவணமாயிற்று. அப்போதுதான் மணமான பெண்ணின் பெயர் எது என்ற வினா தவிர்க்க முடியாததாகி நின்றது.

பெயருக்காக நின்ற பெண்கள்

இவ்வினாவுக்குத் தம் வாழ்வால் முதலில் விடை கூறியவர் மாசாசூசெட்சு மாநிலத்தைச் சேர்ந்த லூசி ஸ்டோன். அடிமை முறையையும் பெண்ணடிமையையும் எதிர்த்து மேடைகளில் முழங்கிய அவர், 1855-இல் ஹென்றி பிளாக்வெல்லை மணந்தார். ஆயினும் லூசி ஸ்டோன் என்ற பெயரிலேயே வாழ்ந்தார். கணவர் இதற்கு முழு மனத்தோடு இசைந்தார். இசையாதது சட்டமே. 1879-இல் பள்ளிக் குழுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அம்மாநிலப் பெண்களுக்குக் கிடைத்தது. ஆனால், கணவனின் பெயரில் பதிந்தாலொழிய வாக்கு இல்லை என்று அலுவலர்கள் கூறிவிட்டனர். வாழ்நாளெல்லாம் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட அப்பெண்மணி, கையெட்டும் தொலைவில் வந்த வாக்கை விட்டார், பெயரை விடவில்லை.

அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின், நியூயார்க் நகர இதழாளர் ரூத் ஹேல் அதே வினாவைக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் முன் எழுப்பினார். அவர் எழுத்தாளர் ஹேவுட் புரூனை 1917-இல் மணந்தவர். ஐரோப்பியப் பயணத்திற்காகத் தம் சொந்தப் பெயரில் கடவுச்சீட்டு வேண்டினார். வெளியுறவுத் துறை மறுத்தது. தம் பெயரோடு 'திருமதி ஹேவுட் புரூன் என்றும் அறியப்படுபவர்' என்ற சொற்களைச் சேர்த்துத் தருவதாக இறங்கி வந்தது. அதனையும் அவர் ஏற்கவில்லை. பயணமே கைவிடப்பட்டது. 1921-இல் லூசி ஸ்டோனின் பெயரால் ஒரு கழகத்தை அவர் தோற்றுவித்தார். மணத்திற்குப் பின்னும் தன் பெயரைக் காக்க விரும்பும் பெண்ணுக்குச் சட்டத்தில் தடையேதும் உண்டா என்று தேடுவதே அக்கழகத்தின் முதற்பணியாயிற்று. தேடியபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. மணமானவள் கணவனின் பெயரைச் சூட வேண்டும் என்பது பெரும்பாலும் வழக்கமே அன்றி, எழுதப்பட்ட சட்டம் அன்று. அலுவலர்கள் தங்கள் பழக்கத்தையே சட்டம் என்று நம்பியிருந்தனர்.

1925-இல் கதவு சிறிது திறந்தது. எட்வர்ட் பெர்னேசின் மனைவியும் அவருடைய தொழிற்பங்காளியுமான டோரிஸ் ஃபிளைஷ்மன், தம் பிறந்த வீட்டுப் பெயரிலேயே கடவுச்சீட்டு பெற்றார். அமெரிக்காவில் அவ்வாறு பெற்ற முதல் மணமான பெண் அவரே என்பர். ஆளை அடையாளம் காட்டுவதே இந்த ஆவணத்தின் பயன் என்றால், தம்மை எவரும் அறியாத ஒரு பெயரில் அதனை வழங்குவது அப்பயனையே கெடுக்குமன்றோ என்பது அவர் வாதத்தின் சாரம். ஆயினும் ஏனையோர்க்கு 'இன்னாரின் மனைவி' என்ற சொற்கள் தொடர்ந்தன. கடவுச்சீட்டுப் பிரிவின் தலைவராக நெடுங்காலம் பணியாற்றிய ரூத் ஷிப்லி என்ற பெண்மணி, 1937-இல் அவ்விதியைத் தளர்த்தினார். தன் பிறந்த வீட்டுப் பெயரையே வழக்கமாகக் கொண்டிருக்கும் பெண், அப்பெயரில் மட்டுமே சீட்டுப் பெறலாம் என்றாயிற்று.

கடவுச்சீட்டில் தளர்ந்த இறுக்கம் ஏனைய ஆவணங்களில் நீடித்தது. அலபாமா மாநிலத்தில் மணமான பெண் கணவனின் பெயரில்தான் ஓட்டுநர் உரிமம் பெற வேண்டும் என்றிருந்ததை எதிர்த்து வழக்கு எழுந்தது. 1971-இல் நடுவண் நீதிமன்றம் ஒன்று அவ்விதி செல்லும் என்றது. மறு ஆண்டு நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஆனால் 1972-இல் மேரிலாந்து மாநிலத்திலும், 1975-இல் டென்னசி மாநிலத்திலும், வாக்காளர் பதிவைப் பற்றிய வழக்குகளில் தீர்ப்புகள் மாறின. பெண் விரும்பினால் தன் பெயரோடு இருக்கலாம் என்பது மெல்ல நிலைபெற்றது.

உரிமை வந்தது, சுமை மாறியது

இவ்வாறு வழக்கு வென்றது. ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. 2001 செப்டம்பரில் நிகழ்ந்த பயங்கரத் தாக்குதல்களுக்குப் பின், பெயர் என்பது பாதுகாப்புச் சோதனையின் திறவுகோலாயிற்று. 2009 முதல் அமெரிக்க வானூர்திப் பயணிகளின் முழுப் பெயரும் பிறந்த நாளும் பாலினமும் முன்கூட்டியே அரசின் பட்டியல்களோடு ஒப்பிடப்படலாயின. பயணச்சீட்டின் பெயரும் அடையாள ஆவணத்தின் பெயரும் ஒத்திருக்க வேண்டும் என்பது விதியாயிற்று. 2005-இல் இயற்றப்பட்ட 'ரியல் ஐடி' சட்டம், மாநிலங்கள் வழங்கும் ஓட்டுநர் உரிமத்திற்கும் அடையாள அட்டைக்கும் பொதுவான அளவுகோலை வகுத்தது. பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2025 மே 7 முதல் உள்நாட்டு வானூர்திப் பயணத்திலும் அது நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின்படி அட்டை பெற விரும்பும் ஆண் தன் பிறப்புச் சான்றிதழையோ கடவுச்சீட்டையோ காட்டினால், பெயரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. பிறப்புச் சான்றிதழை மட்டுமே கொண்ட, பெயர் மாறிய பெண்ணோ அதிலுள்ள பெயர் இன்றைய பெயராக மாறியது எப்படி என்பதைத் திருமணச் சான்றிதழால் இணைத்துக் காட்ட வேண்டும். கணவனை இழந்து மறுமணம் செய்தவளாயின் ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஓர் ஆவணம் வேண்டும். சங்கிலியின் ஒரு கண்ணி தொலைந்தாலும் முழுச் சங்கிலியும் பயனற்றதாகிவிடும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாநிலத்தில் நடந்த மணத்தின் சான்றிதழைத் தேடி முதிய பெண்மணிகள் அலுவலகங்களின் வாயிலில் நிற்க நேர்வது இதனால்தான்.

கடவுச்சீட்டுக்கும் இதே முறை உண்டு. சீட்டு வழங்கப்பட்டு ஓராண்டுக்குள் பெயர் மாறினால், முறையான திருமணச் சான்றிதழைக் காட்டி வழக்கமான கட்டணமின்றிப் புதிய சீட்டுப் பெறலாம். ஓராண்டு கடந்தால் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். மணம் முடிந்த மறுவாரமே பயணம் என்று திட்டமிடும் இளந்தம்பதியர் தடுமாறுவது இங்குதான். புதிய பெயரில் பயணச்சீட்டு, பழைய பெயரில் கடவுச்சீட்டு என்றிருந்தால் வானூர்தி நிலையத்தில் விளக்கம் எடுபடுவது அரிது. கடவுச்சீட்டில் எப்பெயர் உள்ளதோ அப்பெயரிலேயே பயணச்சீட்டு எடுத்துச் சென்று, திரும்பி வந்தபின் பெயரை மாற்றுவதே அறிவுடைமை.

ஆக, இரு நூற்றாண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்தை இவ்வாறு சுருக்கலாம். முன்பு அரசு பெண்ணிடம், 'உன் பெயர் எமக்குத் தேவையில்லை' என்றது. பின்னர், 'உன் பெயரை நீ வைத்துக்கொள்ளக் கூடாது' என்றது. இன்று, 'எப்பெயரையும் வைத்துக்கொள். ஆனால் மெய்ப்பிக்கும் கடன் உன்னுடையது' என்கிறது. மாற்றத்தை வழக்கமாக்கியது சமுதாயம். அதற்குச் சான்று தேடும் சுமையைத் தாங்குவது ஒருத்தி மட்டும்.

பிற நாடுகள் கண்ட வழிகள்

இச்சுமை தவிர்க்க முடியாததா? பிற நாடுகளின் வரலாறு வேறு வழிகளும் உண்டெனக் காட்டுகிறது. புரட்சிக்கால பிரான்சு 1794-இல் இயற்றிய சட்டம், பிறப்புப் பதிவில் உள்ள பெயரையன்றி வேறு பெயரை எந்தக் குடிமகனும் தாங்கக் கூடாது என்றது. எனவே அந்நாட்டில் மணமான பெண் கணவனின் பெயரால் அழைக்கப்பட்டாலும், சட்டத்தின் பார்வையில் அவள் பிறந்த பெயர் அழிவதில்லை. அவள் விரும்பினால் கணவனின் பெயர், வழக்குப் பெயராக அடையாள ஆவணத்தில் பக்கத்தில் சேர்க்கப்படும். கனடாவின் கியூபெக் மாநிலம் 1981 முதல் மணமக்கள் இருவரும் தத்தம் பிறந்த பெயராலேயே உரிமைகளைச் செலுத்த வேண்டுமென விதித்தது.

மறுபுறம் சப்பானில், தம்பதியர் இருவரும் ஒரே குடும்பப் பெயரை ஏற்க வேண்டும் என்பது இன்றும் சட்டம். எவர் பெயரையும் தேரலாம் என்றே சட்டம் கூறினாலும், ஏறத்தாழ 95 விழுக்காட்டு இணையரில் பெயரை விடுபவள் மனைவியே. இச்சட்டம் செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015-இலும் 2021-இலும் தீர்ப்பளித்தது. பழைய பெயரைக் கடவுச்சீட்டில் அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. ஆயினும் எந்திரம் படிக்கும் வரியில் அப்பெயர் இடம்பெறுவதில்லை. மனிதக் கண் காணும் பெயரை எந்திரம் காண்பதில்லை என்பதால், அச்சலுகையும் அரைச்சலுகையாகவே நிற்கிறது.

நம் ஏடுகள் கூறுவது

இன்றைய வடிவக் கடவுச்சீட்டுகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, ஆளையும் உறவையும் ஏட்டில் பதியும் பணியைத் திருச்சபை மேற்கொண்டிருந்தது. திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இல் வெளியிட்ட ஆணை, மணமக்கள், சாட்சிகள் ஆகியோரின் பெயர்களையும், மணம் நடந்த நாளையும் இடத்தையும் பங்குக் குரு ஏட்டில் எழுதிக் காக்க வேண்டுமென்றது. 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல், திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், திருமணம், பங்கு மக்கள் நிலை, இறப்பு என ஐவகை ஏடுகளுக்கு மாதிரி வகுத்தது. 1907-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் காலத்தில் வெளியான 'நே தெமேரே' ஆணை, மேலும் ஓர் அடி சென்றது. ஒருவரின் திருமணம் நடந்ததும், அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கிற்குச் செய்தி அனுப்பி, அங்குள்ள திருமுழுக்குப் பதிவிலும் அதனைக் குறித்துவைக்க வேண்டும் என்பதே அது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இதனையே வலியுறுத்துகிறது.

அவ்விதி பெண்ணின் பெயரைக் காக்க எழுந்ததன்று. மறைவான மணங்களையும் இரட்டை மணங்களையும் தடுக்க எழுந்தது. பழைய ஏடுகளில் 'இன்னாரின் மனைவி' என்ற அளவில் பெண்ணைக் குறித்துச் செல்லும் பதிவுகள் இல்லாமலும் இல்லை. எனினும், அவ்விதியால் விளைந்த முறை சிந்திக்கத் தக்கது. திருமுழுக்கு ஏட்டில் பெண்ணின் பெயர் எழுதப்பட்ட வரியை எவரும் அடித்துத் திருத்துவதில்லை. அவள் மணம் அப்பெயரின் அருகே, ஓரக்குறிப்பாக எழுதப்படுகிறது. ஆணுக்கும் அதே குறிப்பு, அதே ஓரத்தில். ஒருவரைத் தேடி வருபவர் ஒரே பக்கத்தில் அவர் யாரெனவும், அவர் வாழ்வில் நிகழ்ந்தது என்னவெனவும் காண்கிறார். இணைத்துக் காட்டும் கடமை ஏட்டினுடையது, ஏட்டிற்குரியவருடையது அன்று.

விவிலியத்திலும் இதற்கொப்பான ஒரு வழக்கைக் காண்கிறோம். இயேசுவைப் பின்பற்றிய பெண்களைக் குறிக்கும்போது லூக்கா, கூசாவின் மனைவி யோவன்னா என்கிறார். யோவான் சிலுவையடியில் நின்றோரை எண்ணும்போது, குளோப்பாவின் மனைவி மரியா என்றும் மகதலா மரியா என்றும் வேறுபடுத்துகிறார். ஒருத்தியை உறவும் மற்றவளை ஊரும் சுட்டுகின்றன. இருவரின் பெயரும் மறையவில்லை. உறவு பெயருக்கு விளக்கமாகலாம். பெயருக்கு மாற்றாக வேண்டியதில்லை.

நம் இல்லங்களில்

தமிழ் மரபில் ஐரோப்பியர் கருதும் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தே முன்னின்றது. மணமானபின் அவ்வெழுத்துப் போய்க் கணவனின் முதலெழுத்து வந்தது. ஓர் எழுத்துத்தானே என்று எண்ணினோம். ஆனால் இன்றைய கடவுச்சீட்டு, பெயரை இரு கூறாகக் கேட்கிறது. முதலெழுத்தை விரித்தெழுதச் சொல்கிறது. தந்தை பெயர் ஒரு சீட்டில் குடும்பப் பெயராகிறது. கணவன் பெயர் அடுத்த சீட்டில் அவ்விடத்தைப் பிடிக்கிறது. இவற்றோடு நம் கத்தோலிக்க இல்லங்களில், திருமுழுக்கில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் அழைக்க ஒரு பெயர் என்று வேறு இருப்பதுண்டு. அயல்நாட்டில் பேறுகாலத்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் புறப்படும் தாய்க்கு, தான் அவள் தாய்தான் என்று மெய்ப்பிக்க முடியாத நிலை வருவது இதனால்தான். பெற்றவளைப் பெற்றவளென்று தாள் ஒப்பாதபோது, அவள் படும் வேதனை சிறிதன்று.

எனவே சில நடைமுறைகளை நம் குடும்பங்கள் கைக்கொள்வது நன்று. மண ஓலை வாசிக்கப்படுவதற்கு முன்பே, மணமக்கள் இருவரின் திருமுழுக்குப் பதிவு, பள்ளிச் சான்றிதழ், ஆதார் அட்டை ஆகியவற்றில் பெயரும் எழுத்துகளும் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மணத்திற்குப் பின் பெயரை மாற்றுவதா, காப்பதா என்பதை மணமகளே, அமைதியாக எண்ணி முடிவு செய்யட்டும். எம்முடிவும் அன்பைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. மாற்றுவதாயின் எல்லா ஆவணங்களிலும் முறைப்படி மாற்ற வேண்டும். பாதியில் நிறுத்துவதே பெருந்துன்பம். திருமணச் சான்றிதழின் முறையான படிகளைக் கூடுதலாகப் பெற்றுக் காக்க வேண்டும். நாட்டின் பதிவுச் சான்றும் ஆலயப் பதிவும் இரண்டும் கையில் இருக்கட்டும். பழைய கடவுச்சீட்டை எறிந்துவிடாமல் புதியதோடு சேர்த்துப் பேணட்டும்.

பங்கு அலுவலகத்தில் ஏடு எழுதும் நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. அவசரத்தில் மாறி எழுதப்படும் ஓர் எழுத்து, முப்பது ஆண்டுகளுக்குப்பின் ஒரு பெண்ணை அயல்நாட்டு வாயிலில் நிறுத்திவைக்கும். மணம் நடந்த செய்தியை மணமகளின் பிறந்த பங்கிற்கு உரிய காலத்தில் அனுப்புவதும், வந்த செய்தியை அன்றே ஓரத்தில் குறிப்பதும் எழுத்துவேலை என்று தள்ளத் தக்கவையல்ல. அவை அருட்பணியின் பகுதியே.

நாடுகளின் சட்டங்களும் ஒருநாள் இந்த ஓரக்குறிப்பின் வழிக்கு வரலாம். பிறந்த பெயரும் மணந்த பெயரும் ஒரே பதிவில் அருகருகே நின்றால், ஒருத்தி தன்னைத் தானே தேடித் திரட்டிக் காட்டவேண்டிய தேவை நீங்கும். அதுவரை நம் கையில் உள்ள ஏட்டையேனும் நாம் பழுதின்றி எழுதுவோம்.